ஐப்பசி மழையும் சிப்பிக்காளானும்: டீஹைட்ரேட்டரோடு சில மழைக்காலங்கள்

வீட்டில் சிப்பிக்காளான் வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. காளான் நன்றாக வரும் மாதமும் வெயில் நன்றாக அடிக்கும் மாதமும் ஒன்றாக அமைவதே இல்லை. சிப்பிக்காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வரை வெப்பம் வேண்டும், காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். கும்பகோணம் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஐப்பசியிலிருந்து தை வரை இது தானாகவே கிடைத்துவிடும். கொட்டகையில் ஈரச்சாக்கு தொங்கவிடும் வேலைகூட இல்லை. ஆனால் அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை. மொட்டை மாடியில் எதைக் காயப்போட்டாலும் மதியத்துக்குள் அள்ளிக்கொண்டு கீழே ஓட வேண்டும். பங்குனி, சித்திரையில் வடாம், மோர் மிளகாய் எல்லாம் இரண்டு மூன்று வெயிலில் சலசலவென்று காய்ந்துவிடும். காளானும் காயும். அப்போது காய வைக்கத்தான் சிப்பிக்காளான் இருக்காது.

விற்பனையும் இப்படித்தான். புரட்டாசியில் அசைவம் விட்டவர்கள் காளான் கேட்டு வீடு தேடி வருவார்கள். ஐப்பசி பிறந்ததும் எல்லோரும் கறிக்கடைக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் படுக்கைகள், அதாவது வைக்கோல் அடைத்துக் காளான் வித்துப் போட்ட பைகள், அப்போதுதான் மும்முரமாகப் பூக்கத் தொடங்கும். ஒரே நாளில் போட்ட படுக்கைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கும் என்பது இதை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மொட்டு கண்ணில் பட்ட மூன்றாம் நாள் அறுவடை. பறித்த காளான் வெளியில் ஒரு நாள், ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குமேல் மஞ்சள் பூத்து, அடியில் தண்ணீர் விட்டு, வாடை வந்துவிடும். அக்கம்பக்கத்தில் எத்தனை பேருக்குத்தான் கொடுப்பது?

சூடான காற்றைச் செலுத்தி உணவைக் காய வைக்கும் டீஹைட்ரேட்டரை வாங்கியது இந்தக் காரணத்துக்காக மட்டும்தான். இப்போதும் மழை மாதங்களில்தான் அது ஓடுகிறது, கோடையில் துணி போர்த்திப் பரண்மேல் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் உழைக்கும் என்று நினைத்து வாங்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வாங்கியது வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்டிக் இயந்திரம். ஃபேனும் ஹீட்டரும் அடியில் இருக்கும். விலை குறைவு, அடுக்களை மூலையில் அடங்கிவிடும். மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் அது போதும். காளானுக்குச் சரிப்பட்டு வரவில்லை. சிப்பிக்காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அடித்தட்டில் வெந்த வாடை வரும்போது மேல்தட்டு இன்னும் ஈரத் துணி மாதிரி கிடக்கும். ஒரு சிறிய அவன் தெர்மாமீட்டரைத் தட்டுகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். திருகு 55-இல் இருக்க, அடித்தட்டு 60-ஐ ஒட்டியும் மேல்தட்டு 50-க்குக் கீழேயும் காட்டியது. மணிக்கொரு தரம் தட்டுகளை மேலும் கீழும் மாற்றினால்தான் ஒரே சீராகக் காயும். போதாததற்குக் காளான் துணுக்கு ஓட்டை வழியாக விழுந்து ஃபேனில் சிக்கும். தட்டின் விளிம்பு விரிசல் விட்டபோது மாற்றுத் தட்டு கேட்டு விற்றவருக்கு எழுதினேன், பதிலே இல்லை.

அதன்பின் எடுத்ததுதான் இப்போது இருப்பது. சதுரப் பெட்டி, பின்பக்கச் சுவரில் ஃபேன், ஸ்டீல் கம்பித் தட்டுகள். காற்று எல்லாத் தட்டுகளுக்கும் பக்கவாட்டில் போகிறது. நடுவில் ஒரு முறை தட்டின் முன்பக்கம் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் காளானுக்கென்றே வாங்குபவர்கள் இந்த வகையைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

பறிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். குடையின் ஓரம் கொஞ்சம் உள்பக்கம் சுருண்டிருக்கையிலேயே எடுத்துவிடுகிறேன். ஓரம் விரிந்து மேல்நோக்கி வளையும் வரை விட்டால் அடியிலுள்ள செதில்களிலிருந்து வெள்ளை வித்துத்தூள் கொட்ட ஆரம்பிக்கும். அதை ஃபேன் உள்ள பெட்டிக்குள் வைத்தால் தூள் அறை முழுக்கப் பறக்கும். இந்த வித்துத்தூள் சிலருக்கு இருமலும் மூச்சிரைப்பும் கொடுக்கும், கொட்டகையில் முகக்கவசம் போடச் சொல்வது அதற்காகத்தான். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இயந்திரத்தைத் தாழ்வாரத்தில் வையுங்கள்.

பறிப்பதற்கு முன் படுக்கைக்குத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. தெளித்துவிட்டுப் பறித்தால் அந்தத் தண்ணீரையும் கரண்ட் செலவழித்து விரட்ட வேண்டிவரும். பறித்த பிறகு கழுவுவதும் இல்லை. தண்டின் அடியில் ஒட்டியிருக்கும் வைக்கோலோடு சேர்த்து அடிக்கட்டையை நறுக்கித் தள்ளிவிட்டு, மீதியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் காளான் ஈ அதிகம். செதில் இடுக்கில் சின்னப் புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் வைத்தால் சூடு ஏறியதும் அவை வெளியே வந்து தட்டிலேயே செத்துக் கிடக்கும், அதைப் பார்த்தபின் யாருக்கும் சாப்பிட மனசு வராது.

கத்தி வேண்டியதில்லை. குடையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் செதிலின் போக்கிலேயே நீளமாகக் கிழியும். விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். தண்டு தாமதமாகக் காயும், அதனால் தனித் தட்டு. என்னுடைய பெட்டியில் ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ வரைதான் வைக்க முடியும். இரண்டு கிலோவைத் திணித்தால் இரண்டு கிலோவும் கெடும்.

முதல் ஒன்றரை மணி நேரம் 45 டிகிரி, அப்புறம் 55, கடைசி ஒரு மணி நேரம் 60. எடுத்த எடுப்பிலேயே 60 வைத்தால் காளான் வியர்த்துப் பாதி வெந்ததுபோல் ஆகி, பழுப்பேறி, ரப்பராகிவிடுகிறது. வெளியே மழை இல்லாத நாளில் ஏழெட்டு மணி நேரத்தில் முடியும். அடைமழை நாளில் பத்து மணி நேரத்தைத் தாண்டும், ஏனென்றால் இயந்திரம் உள்ளே இழுக்கும் காற்றே ஈரமாக இருக்கிறது. சன்னலை ஒட்டி வைக்காமல் அறையின் நடுவில் வைத்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. அடுக்களையில் குக்கர் ஓடும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு துண்டை எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு உடைக்க வேண்டும். சூட்டோடு பார்த்தால் எல்லாமே வளையும். ஆறியதும் படக்கென்று ஒடிந்தால் சரி. வளைந்து, பிறகு நார் நாராகக் கிழிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். தண்டுப் பகுதியைத்தான் ஒடித்துப் பார்க்க வேண்டும், குடையின் ஓரம் எப்போதுமே முந்திக் காய்ந்துவிடும். ஒரு கிலோ பச்சைக் காளானுக்கு 100 கிராம் அளவில் கிடைக்கும்.

கரண்ட் கணக்கைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 500 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 4 யூனிட்தான். சூடு எட்டியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஆகும். தனியாகப் பார்த்தால் பெரிய செலவில்லை. ஆனால் நம் வீட்டு மீட்டர் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தொடும் தூரத்தில் இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்டும்போது மொத்தக் கணக்கே வேறு விகிதத்துக்கு மாறிவிடும். அதனால் அப்போதைய அளவை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

கரண்டைப் பொறுத்தவரை பெரிய தலைவலி வேறு. மழை பலத்தால் எங்கள் பக்கம் மின்வெட்டு நிச்சயம். வீட்டு இன்வெர்ட்டரில் இந்த ஹீட்டர் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. பாதி காய்ந்த காளானை மூடிய பெட்டிக்குள் வெதுவெதுப்பாக விட்டால் சில மணி நேரத்தில் புளித்த வாடை வரும். கரண்ட் போனதும் கதவைத் திறந்து, தட்டுகளை வெளியே எடுத்துப் பரப்பிவிட வேண்டும். இரவுக்குள் கரண்ட் வராது என்று தெரிந்தால் அன்றைக்குக் காளான் தொக்குதான். பாதி காய்ந்த காளானில் தொக்கு அபாரமாக வரும் என்பது வேறு விஷயம்.

மழை விட்டு நல்ல வெயில் தலைகாட்டும் நாட்களில் நான் இன்னொன்றும் செய்கிறேன். கிழித்த காளானைச் செதில் பக்கம் மேலே தெரியும்படி உச்சி நேரத்து வெயிலில் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு, பிறகு இயந்திரத்தில் வைக்கிறேன். காளானில் எர்கோஸ்டீரால் என்று ஒன்று இருக்கிறது, வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2-ஆக மாறும். இயந்திரத்தின் சூட்டில் இது நடக்காது. கண்ணாடிச் சன்னலுக்குள் வைத்தாலும் அந்தக் கதிர் பெரும்பாலும் உள்ளே வராது, நேரடி வெயில் வேண்டும்.

சேமிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் கார்த்திகைக் காற்றில் மொறுமொறுப்பான காளானை அரை மணி நேரம் தட்டில் வைத்தாலே தொய்ந்துவிடும். ஆறியதும் உடனே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடிவிடுவேன், உணவுக்கான சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் உள்ளே கிடக்கும். முதல் ஒரு வாரம் தினமும் பாட்டிலைக் குலுக்கிப் பார்ப்பது வழக்கம். சலசல சத்தம் மந்தமானாலோ, துண்டுகள் கண்ணாடியில் ஒட்டினாலோ மறுபடி தட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரிய பாட்டில் ஒன்றைவிடச் சின்னச் சின்னதாக நாலு பாட்டில் மேல், திறக்கத் திறக்க ஈரம் புகும் அல்லவா. இப்படி வைத்தது அடுத்த ஆடி வரை கெடாமல் இருக்கிறது. நிறம் மட்டும் வெள்ளையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வரும்.

சமையலில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊறவைத்த உலர்காளான் பச்சைக் காளானாகத் திரும்பிவிடாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறினால் மெல்லுவதற்குக் கொஞ்சம் கெட்டியாக, கறித்துண்டின் தன்மையோடு இருக்கும். மிளகு வறுவலுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மிளகுக் குழம்பு, பிரியாணி, சால்னா இவற்றில் பச்சைக் காளானைவிட நன்றாகவே இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசி எல்லாம் அதில்தான். அடியில் மண்டி நிற்கும், தெளிவை மட்டும் இறுத்துக் குழம்பில் சேருங்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் போவது பொடியாகத்தான். உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் வறுத்து, கடைசியில் உலர்காளானையும் வெறும் சட்டியில் சிவக்க வறுத்து அரைத்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். இந்தக் கடைசி வறுப்பை விட்டுவிடக் கூடாது. 55, 60 டிகிரி என்பது காய வைக்கும் சூடு, சமைக்கும் சூடு அல்ல. காளானைச் சமைக்காமல் சாப்பிடுவது வயிற்றுக்கு ஆகாது. வெறும் காளான் தூளை ரசத்தில் போட்டாலும் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். தூள் ஈரத்தை உடனே இழுத்துக் கட்டிபடும் என்பதால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறோம்.

பால்காளானை இதில் அதிகம் உலர்த்துவதில்லை. அது 30, 35 டிகிரியிலும் வளரும் கோடைக்காளான், பறித்தபின் சிப்பியைவிட நாள் தாங்கும், பச்சையாகவே விற்றுவிடும். மிஞ்சினால் மெல்லிய வில்லையாக நறுக்கி மாடியில் போட்டால் சித்திரை வெயில் பார்த்துக்கொள்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஃபேன் பின்னால் இருக்கட்டும், தட்டு ஸ்டீலாக இருக்கட்டும், 40-லிருந்து 65 வரை சூட்டை மாற்ற முடியட்டும். டைமர் கட்டாயம், ராத்திரியில் அதை நம்பித்தான் தூங்கப் போகிறோம். ஃபேனைக் கழற்றித் துடைக்க முடிகிறதா என்று கேளுங்கள், காளான் தூள் இறக்கையில் படிந்து நாளடைவில் கரகரவென்று சத்தம் கொடுக்கும். மாதத்துக்கு ஒரு கிலோ மட்டும் மிஞ்சுகிறவர்கள் இந்தச் செலவு செய்ய வேண்டாம், ஃப்ரிட்ஜும் அக்கம்பக்கமும் போதும். மழை மாதங்களில் வாரத்துக்கு மூன்று நான்கு கிலோ மிஞ்சினால் வாங்கலாம்.