பணி ஓய்வுக்குப் பிறகு மெடிக்கல் கார்டு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

மலேசியாவில் 60 வயதை நெருங்கியவரிடம் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவமனைச் செலவை ஏற்கும் காப்புறுதி, விற்க வரும் ஏஜெண்டு முதலில் காட்டுவது ஆண்டு வரம்பைத்தான். ஒரு மில்லியன், இரண்டு மில்லியன் ரிங்கிட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்று செய்தாலும் பைபாஸ் செய்தாலும் பில் ஒரு மில்லியனுக்கு வெகு கீழேதான் நிற்கும். ஓய்வு பெற்றவர் கையிலிருந்து கார்டு நழுவுவது வரம்பு தீர்ந்துபோவதால் அல்ல. எழுபதைத் தாண்டியபின் பிரீமியம் கட்ட முடியாமல், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை விட்டுவிட நேர்கிறது. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு வகைக் கார்டையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம்: 75 வயதிலும் இதை வைத்திருக்க முடியுமா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 வயதில் மாதம் 400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 விழுக்காடு ஏறினால் 75 வயதில் ஏறக்குறைய 1,100 ரிங்கிட். 10 விழுக்காடு ஏறினால் 1,670. ஏற்றம் இரண்டு வழியில் வரும். ஒன்று வயதுப்படி, அது விற்பனைத் தாளிலேயே அட்டவணையாக இருக்கும். மற்றொன்று, மருத்துவச் செலவு கூடிவிட்டது என்று நிறுவனம் அந்தக் கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்து விலையை மாற்றி அமைப்பது. இது எந்த அட்டவணையிலும் இருக்காது. "அட்டவணையில் இவ்வளவுதான் போட்டிருக்கிறது" என்று ஏஜெண்டு சொல்வது பொய்யல்ல, ஆனால் பாதிதான். அந்த அட்டவணையின் அடியில் 'பிரீமியம் உத்தரவாதமானது அல்ல' என்ற வரி இருக்கும். அதை அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

2024 இறுதியில் பல கார்டுகளின் பிரீமியம் ஒரேயடியாக ஏறியபோது மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி அறிவித்த இடைக்கால ஏற்பாட்டின்படி, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தங்கள் கார்டு வகையின் மிகக் குறைந்த திட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு ஓராண்டு ஏற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. இது மூச்சுவிட நேரம் கொடுத்தது, அவ்வளவே. பரப்பிவைத்த ஏற்றம் பின்னால் வந்துதான் தீரும். நோட்டீஸ் கடிதம் வந்திருந்தால் அதில் இந்த ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்காமல் அடுத்த ஆண்டுகளுக்கு என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

கார்டுகளைப் பார்க்கும் முன், கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு பென்ஷன் வாங்கும் ஆசிரியரோ, முன்னாள் அரசுப் பணியாளரோ, பென்ஷனர் அட்டையைக் காட்டினால் அரசாங்க மருத்துவமனையில் அவருக்கும் துணைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும். அரசாங்க மருத்துவமனை பரிந்துரைத்தால் இருதயச் சிகிச்சைக்குத் தேசிய இருதயக் கழகமான ஐ.ஜே.என். வரை போகலாம். அங்கே கையிருப்பில் இல்லாத மருந்தையோ சாதனத்தையோ வெளியில் வாங்க நேர்ந்தால், நிபுணரின் உறுதிக் கடிதத்தோடு பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.-யிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. இதை அறியாமலே பல பென்ஷனர்கள் மாதாமாதம் பெரிய பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் உள்ள குறை நீண்ட காத்திருப்புதான். அவசரமில்லாத முழங்கால் அறுவை, எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்கு வரிசை நீளும். அந்த ஓட்டையை மட்டும் அடைக்கும் கார்டு போதும்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்தோ, கோலாலம்பூரில் ஒரு தனியார் அலுவலகத்திலிருந்தோ ஓய்வு பெற்றவரின் நிலை வேறு. கம்பெனி கார்டு வேலையின் கடைசி நாளோடு முடிந்துபோகும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட் என்பது எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான கட்டணம்தான். ஆனால் மூட்டு மாற்றுச் சாதனம் போன்ற இம்பிளாண்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டிவரும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசின் ரொக்க உதவியான எஸ்.டி.ஆர். பெறும் குடும்பமாக இருந்தால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசின் பெகா பி40 திட்டம் இலவசப் பரிசோதனையும், மருத்துவச் சாதனத்துக்கு 20,000 ரிங்கிட் வரை உதவியும் தருகிறது. தகுதி உள்ளவர்கள் இதைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு கார்டு பற்றி யோசிக்கலாம்.

இனி கார்டுகள். சந்தையில் ஓய்வுபெற்றவர்களிடம் விற்கப்படுபவை பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, முதலீட்டோடு இணைந்த பாலிசியில் ரைடராக, அதாவது கூடுதல் இணைப்பாக, ஒட்டியிருக்கும் மெடிக்கல் கார்டு. ஏஜெண்டுகள் அதிகம் விற்பது இதைத்தான். நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டு யூனிட்டாக மாறும்; காப்புறுதிச் செலவை அந்த யூனிட்டுகளை விற்று மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். 35 வயதில் சேர்ந்தவருக்கு இது ஓடும், ஏனென்றால் இளமையில் சேர்ந்த யூனிட் முதுமையில் கைகொடுக்கும். 60 வயதில் புதிதாகச் சேருபவருக்கு யூனிட் சேரவே நேரம் இருக்காது. கழிவு ஏறிக்கொண்டே போக, கணக்கில் மிச்சம் தீர்ந்ததும் பாலிசி தானாகவே முடிந்துவிடும். "மாதம் ஒரே தொகைதான் கட்டுகிறேன், எப்படி முடியும்?" என்று பலரும் திகைப்பது இங்கேதான். கட்டும் தொகை மாறவில்லை, உள்ளே கழியும் தொகை மாறிவிட்டது. ஏற்கெனவே இந்த வகை வைத்திருப்பவர்கள் ஆண்டு அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: இப்போதைய கணக்கு மதிப்பு, இந்த ஆண்டு கழிக்கப்பட்ட காப்புறுதிச் செலவு. இரண்டாவது எண் நீங்கள் ஆண்டுக்குக் கட்டுவதைத் தாண்டிவிட்டால், எந்த வயது வரை பாலிசி தாங்கும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஓய்வுக்குப் பிறகு புதிதாக வாங்க இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

இரண்டாவது, தனி மெடிக்கல் கார்டு. முதலீடு கிடையாது; ஆண்டுக்காண்டு பிரீமியம் கட்டி, ஆண்டுக்காண்டு பாதுகாப்பு. விலை ஏறும், ஆனால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இதில் பார்க்க வேண்டியது சேரும் வயது வரம்பும் புதுப்பிக்கும் வயது வரம்பும். 65 வயது வரை சேர்க்கும் கார்டு 80-இல் நிற்கலாம். வேறொன்று 100 வரை போகலாம். புதுப்பித்தல் உத்தரவாதமா என்பதையும் பாருங்கள். பாலிசி வாசகத்தில் 'தொகுப்பைத் திரும்பப் பெறுதல்' (portfolio withdrawal) என்ற பொருள்படும் விதி இருந்தால், நிறுவனம் அந்தக் கார்டு வகையையே நிறுத்திக்கொள்ள உரிமை வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் பெரும்பாலான ஓய்வுபெற்றோருக்குப் பொருந்தும்: டிடக்டிபல் உள்ள கார்டு. பில்லின் முதல் பகுதியை நீங்கள் கட்ட, மீதியை நிறுவனம் கட்டும். அந்த முதல் பகுதிதான் டிடக்டிபல்; அது சில நூறு ரிங்கிட்டிலிருந்து 10,000, 20,000, இன்னும் மேலே கூடப் போகும். டிடக்டிபல் கூடக்கூட பிரீமியம் இறங்கும். பென்ஷனருக்கு இது அழகாகப் பொருந்தும்: சின்ன வைத்தியத்துக்கு அரசாங்க மருத்துவமனை, காத்திருக்க முடியாத பெரிய அறுவைக்கு மட்டும் கார்டு. டிடக்டிபல் 10,000 என்றால் அந்தத் தொகையை ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து நிலையான வைப்பில் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு வாங்குங்கள். அந்த ஒதுக்கீடு இல்லாமல் இதை வாங்கினால் ஆஸ்பத்திரி வாசலில் டெபாசிட்டுக்கு அலைய நேரும்.

டிடக்டிபல் ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு அட்மிஷனுக்குமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஒரே ஆண்டில் மூன்று முறை படுக்க நேர்ந்தால் 10,000 என்பது 30,000 ஆகிவிடும். இன்னும் வேலையில் இருக்கும் 57, 58 வயதுக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சில திட்டங்களில் இப்போது பெரிய டிடக்டிபலோடு சேர்ந்து, குறிப்பிட்ட ஓய்வு வயதில் மறுபடியும் உடல்நலக் கேள்வி இல்லாமல் அதை நீக்கிக்கொள்ளலாம். கம்பெனி கார்டு இருக்கும்வரை அந்த முதல் பகுதியை அது கட்டும். இந்த மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் குறுகியது, தவறினால் போனதுதான்.

2024 செப்டம்பர் 1 முதல் கோ-பேமண்ட் உள்ள, அதாவது பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டும், திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்கியாக வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. குறைந்தது பில்லில் 5 விழுக்காடு, அல்லது 500 ரிங்கிட் டிடக்டிபல். அவசரச் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றின் தொடர் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு கிடையாது. 40,000 ரிங்கிட் பில்லில் 5 விழுக்காடு 2,000. 20 விழுக்காடு என்றால் 8,000. விழுக்காடு வகையை எடுப்பதானால் உங்கள் பங்குக்கு உச்சவரம்பு உள்ளதை மட்டும் எடுங்கள்.

நான்காவது, ஆஸ்பத்திரியில் படுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100, 200 ரிங்கிட் என்று ரொக்கம் தரும் திட்டம். அரசாங்க வார்டில் படுத்தாலும் பணம் வரும் என்பது நல்லது. வந்துபோகும் டாக்சிச் செலவு, கூட இருப்பவரின் சாப்பாட்டுச் செலவுக்கு உதவும். கார்டுக்கு மாற்றாக இதை எண்ணவே வேண்டாம். மெடிக்கல் கார்டிலேயே 'அரசாங்க மருத்துவமனை உதவித்தொகை' என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலர் அதை ஒருமுறைகூடக் கேட்டு வாங்குவதில்லை. டிஸ்சார்ஜ் தாளையும் அசல் ரசீதையும் பத்திரப்படுத்தினால் போதும்.

சின்ன எழுத்து விதிகளில் ஓய்வுபெற்றோரை அதிகம் அடிப்பது அறை விதி. கார்டில் நாளுக்கு 200 ரிங்கிட் அறை, நீங்கள் எடுத்தது 350 என்றால் வித்தியாசம் 150-தானே என்று நினைப்போம். சில பாலிசிகளில் உயர்ந்த அறை எடுத்தால் மற்ற செலவுகளிலும் 20 விழுக்காடு உங்கள் தலையில் விழும். 30,000 ரிங்கிட் பில்லில் அது 6,000. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைகளில் இருவர் அறைக்கும் தனி அறைக்கும் இன்றைய கட்டணம் என்ன என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற அறைத் தொகையைத் தேர்ந்தெடுங்கள்.

புதிதாகச் சேர்ந்தபின் க்ளெய்ம் செய்ய முடியாத காத்திருப்புக் காலம் பொதுவாக 30 நாள். இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், கட்டிகள், கற்கள், மூலம், குடலிறக்கம், முழங்கால் கோளாறு போன்றவற்றுக்கு 120 நாள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பாதுகாப்பு இல்லை. இதனால்தான், பழைய கார்டை நிறுத்திவிட்டுப் புதிதாக மாறுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது. மாறினால் இந்த நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பழைய கார்டில் பாதுகாப்பு இருந்த சர்க்கரை நோய் புதியதில் 'ஏற்கெனவே இருந்த நோய்' ஆகிவிடும். பிரீமியம் தாங்கவில்லை என்றால் முதலில் அதே நிறுவனத்திடம் போய், வரம்பைக் குறைத்தோ டிடக்டிபல் சேர்த்தோ தர முடியுமா, புதிய உடல்நலக் கேள்வி இல்லாமல் தர முடியுமா என்று கேளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை ஏஜெண்டு நிரப்பவிடாதீர்கள். "பிரஷர் மாத்திரை ஒன்றுதானே, போட வேண்டாம் அண்ணே" என்று அன்பாகத்தான் சொல்வார். க்ளெய்ம் வரும்போது நிறுவனம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானின் பதிவைக் கேட்டு வாங்கும், கையெழுத்து உங்களுடையது. உள்ளதைச் சொன்னால் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், அந்த நோயை மட்டும் விலக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறைத்தால் முழுப் பாலிசியும் செல்லாமல் போகலாம். பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர உரிமை உண்டு. அந்த நாள்களில் விலக்குப் பட்டியலை மகனையோ மகளையோ உட்காரவைத்து வாசியுங்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் நிறுவனத்தின் ஜி.எல்., அதாவது பில்லை ஏற்பதாக மருத்துவமனைக்கு அனுப்பும் உத்தரவாதக் கடிதம், வர வேண்டும். அது வராவிட்டாலும் க்ளெய்ம் மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை. கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம். அதற்கு மருத்துவரின் அறிக்கை, பிரித்துக் காட்டிய பில், அசல் ரசீது மூன்றும் வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் இறுதி ஜி.எல்.-க்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். வயதானவரை வெறும் வயிற்றோடு வைத்திருக்காதீர்கள்.

வருமான வரியில் ஒரு விஷயம். மருத்துவக் காப்புறுதி, கல்விக் காப்புறுதி இரண்டுக்கும் சேர்த்து உள்ள கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 4,000 ரிங்கிட். அது தனக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும்தான். பெற்றோரின் கார்டுக்கு மகன் பிரீமியம் கட்டினால் இதில் கழிக்க முடியாது. பெற்றோரின் சிகிச்சைச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை தனிக் கழிவு இருக்கிறது.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாகவே வாங்குங்கள். அந்தக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் பழைய ஓ.எஃப்.எஸ். இந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையான காப்புறுதித் தகராறுகளை விசாரிக்கும். புகார் செய்பவருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தொலைபேசியில் "முடியாது" என்று சொன்னதை வைத்து அங்கே போக முடியாது, எழுத்தில் வந்த முடிவு வேண்டும்.