மிதக்க ஆசையா, விண்வெளி பார்க்க ஆசையா? ராக்கெட்டும் பரவளைய விமானமும்

இரண்டில் எதில் ஏறுவது என்று குழம்புகிறவர்கள் முதலில் விநாடிகளை எண்ணிப் பாருங்கள்.

மிதக்கும் நேரம்: புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு ராக்கெட்டில் ஒரே மூச்சாகச் சுமார் 3 நிமிடம். பரவளைய விமானம் வில்போல் வளைந்து ஏறி இறங்கும்; அந்த வளைவு ஒவ்வொன்றுக்கும் 20 விநாடிதான். 15 வளைவு போட்டால் 5 நிமிடம் சேர்ந்துவிடும்.

உயரம்: நியூ ஷெப்பர்டு 100 கி.மீ. தாண்டும், பகலிலேயே கறுத்த வானம், பூமியின் வளைந்த விளிம்பு. விமானம் 10 கி.மீ. வாக்கில்.

செலவு: விண்வெளிப் பயணம் நடத்தும் இன்னொரு நிறுவனமான விர்ஜின் கேலக்டிக் 2021-இல் அறிவித்த விலை 4,50,000 டாலர். விமானம் சில ஆயிரம் டாலரில் முடியும்.

உடல்: ராக்கெட் இறங்கும்போது சுமார் 5 ஜி, அதாவது நம் எடையைப் போல் ஐந்து மடங்கு, நெஞ்சை அழுத்தும். விமானத்தில் 1.8 ஜிதான், ஆனால் அழுத்தமும் மிதப்பும் மாறி மாறி வருவதால் குமட்டும். அழுத்தம் ஏறும்போது மல்லாந்து படுத்து, ஒரே புள்ளியைப் பாருங்கள். தலையைத் திருப்பினால் உள்காது குழம்பிவிடும்.

மிதக்க மட்டும்தான் ஆசையென்றால் விமானமே தாராளம். பூமியை வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்குத்தான் ராக்கெட். கடன் வாங்கி ஏறாதீர்கள்.