மாரியில் மட்டும் நல்ல ஓவன்: வட்டக்கச்சியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் வைக்கிற மின்சார ஓவனை வருடம் முழுக்கப் பாவிக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். வன்னியில் இதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. கார்த்திகையில் மழை இறங்கினால் தைப்பொங்கல் வரைக்கும் இதைவிட நல்ல சாமான் குசினியில் இல்லை. சித்திரையில் அதே ஓவனைப் போட்டால் கேக்கோடு சேர்ந்து நீங்களும் வேகுவீர்கள்.

2019 இல் வாங்கியது. 35 லீற்றர், 1500 வாற், மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி. முன்னால் மூன்று திருகி: ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று எந்தக் கம்பி எரியவேண்டும் என்பதற்கு, ஒன்று நேரத்துக்கு. விசிறி கிடையாது. கம்பனியின் பெயர் வேண்டாம், இந்த அளவில் வருகிறவை பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். விலையைச் சொல்லியும் பிரயோசனமில்லை. 2022 இல் ரூபாய் விழுந்த விழுகையோடு அந்தக் கணக்கு பழங்கதை.

வைக்கிற இடத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்கு மறக்காது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, எங்கள் பக்கம் தண்ணீர் வந்து, நிலத்தில் இருந்த மின்சாமான்கள் எல்லாம் நனைந்துபோன வருடம். அதற்கு அடுத்த வருடம் வாங்கியதால் ஓவனுக்கென்றே இடுப்புக்கு மேலே ஒரு சீமெந்துத் தட்டு கட்டினோம். அது இன்னொரு விதத்திலும் நன்மையாய்ப் போனது. குனியாமல் கதவைத் திறந்து கேக்கைப் பார்க்கலாம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்றுப் போக இடம் விடவேண்டும், சுவரோடு ஒட்டி வைத்தால் சுவர் கறுக்கும்.

மற்றது பிளக். 1500 வாற்றை 230 வோல்ற்றால் பிரித்துப் பாருங்கள், ஆறரை அம்பியர் வரும். வீடுகளில் இருக்கிற பழைய 5 அம்பியர் உருண்டை முள் பொயின்ற் இதைத் தாங்காது. மல்ரி பிளக்கில் செருகி, அதே பிளக்கில் பிறிஜ்ஜையும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்ரிக் மணம் வந்த பிறகுதான் கழற்றுவார்கள். மின்வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு 13 அம்பியர் பொயின்ற் ஒன்றைத் தனி வயரில் எடுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெளியுடல் முழுக்கத் தகரம், மாரியில் நிலமும் ஈரம். இதில் மட்டும் காசு பார்க்கக்கூடாது.

இனி வெப்பம். திருகியில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பவேண்டாம். உள்ளே தொங்கவிடுகிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது இருபது பாகை கூடக் காட்டுகிறது, அதாவது 200 இல் வைத்தால்தான் 180 கிடைக்கும். உங்களுடையது எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம். அந்த வெப்பமானி இல்லாமல் இந்த ஓவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கமாட்டேன். ஓவன் சின்னது, மேல்கம்பி கேக்குக்குக் கிட்ட இருக்கும், ஆகவே தட்டைக் கீழ்ப்படியில் வைத்து, மேல் நிறம் பிடித்தவுடன் அலுமினியத் தாளால் மூடவேண்டும். தட்டு 8 அங்குலத்துக்கு மேலே வேண்டாம். பெரிய தட்டு வைத்தால் சூடு சுற்றிவர இடமில்லாமல் ஓரம் கருகி நடு பச்சையாய் நிற்கும்.

கனடாவில், ஸ்காபுரோவில் இருக்கிற மச்சாள் கேக் குறிப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்புவாள். 350 பாகை என்று எழுதியிருப்பாள், அது பரனைற். எங்கள் திருகிக்கு 180 செல்சியஸ் என்று எடுக்கவேண்டும். அது சுகம். பட்டர்தான் கரைச்சல். ‘அறை வெப்பநிலையில் வைத்த பட்டர்’ என்று அவள் எழுதுகிற அறை, வெளியே ஸ்நோ கொட்ட உள்ளே ஹீற்றர் போட்டு இருபது, இருபத்தொரு பாகையில் நிற்கிற அறை. எங்கள் அறை பங்குனியில் முப்பதைத் தாண்டும். பட்டர் உருகத் தொடங்குவதும் அதற்குக் கொஞ்சம் மேலேதான். சீனியோடு அடிக்கும்போது பட்டர் இளகி, ஆனால் உருகாமல் இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், அந்தக் காற்றுத்தான் பிறகு கேக்கை எழுப்புகிறது. எண்ணெயாய்ப் போன பட்டரை எவ்வளவு அடித்தாலும் கை நோவுதான் மிச்சம்.

மாரியில் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடுகிறது. மார்கழி விடியற்காலையில் வன்னியில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று பாகை வரும், மழை விடாமல் பெய்தால் மத்தியானமும் பெரிதாய் ஏறாது. அந்த நாளில் மேசையில் வைத்த பட்டரும் மாஜரினும் மச்சாளின் குறிப்பில் உள்ளபடியே நடந்துகொள்ளும். ஓவனைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும் இதைத்தான் சொன்னேன். ஓவனில் பிழையில்லை அன்ரி, மாதத்தில்தான் பிழை.

ஆனால் கேக்கை ஆறவைக்கிற விஷயத்தில் மச்சாள்தான் வெல்கிறாள். சுடச்சுட எடுத்துப் பல்கனியில் வைத்துவிடுகிறாள், மைனஸ் பத்தில் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. இங்கே மாரிக் காற்றில் ஈரம். கேக் மெல்ல ஆறும், மேல் தோல் பிசுபிசுக்கும், அதற்குள் எறும்பு வந்துவிடும். ஐசிங் சீனி பக்கற்றுக்குள்ளேயே கட்டிபடும். பிஸ்கற் சுட்டால் இரவு மொறுமொறு, காலையில் துவண்டு கிடக்கும். அதைத் திரும்ப 150 இல் கொஞ்ச நேரம் வைத்தெடுத்து, ஆறியவுடன் ரின்னில் அடைத்தால் சரிவரும். பாண் சுடுகிறவர்களுக்கு மாரியில் மா எழும்பத் தாமதமாகும். கம்பிகளை எரிக்காமல், கொதிதண்ணீர்க் கோப்பை ஒன்றோடு மாவை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடுங்கள். சுடுகிற வேலையைவிட இந்த வேலையை என் ஓவன் ஒழுங்காகச் செய்கிறது என்றுகூடச் சொல்வேன்.

இதை அதிகம் பாவிக்கிறது நத்தாருக்கு முந்திய கிழமைகளில். நாங்கள் சைவம், பரந்தனில் இருக்கிற சிநேகிதி வேதம், அதாவது கிறிஸ்தவம். கேக் விஷயத்தில் இரண்டு வீடும் ஒன்று. அவள் ஸ்கூட்டியில் வருவாள், இரண்டுபேரும் மழைக்கோட்டோடு கிளிநொச்சிக்குப் போவோம்.

“எடி, மழை விடட்டும், பிறகு போவம்.”

“விட்டா வெயில் வந்திடும். பிறகு உன்ர பட்டர் உருகுது எண்டு அழுவாய். வா இப்ப.”

வாங்கவேண்டியவை: ரவை, முட்டை, கஜு, முந்திரிகை வற்றல், செரி, இஞ்சிப்பாகு, சீனிப்பாகில் ஊறின நீற்றுப்பூசணி, ரோஸ் வோட்டர், ஒயில் பேப்பர். ரவையும் முட்டையும் சந்தைப் பக்கத்தில், மற்றதெல்லாம் கேக் சாமான் விற்கிற கடையில். சந்தை 2016 செப்ரெம்பரில் தீப்பிடித்தது, அதற்கு முதல் எந்த மூலையில் எந்தக் கடை இருந்தது என்று இவள் இன்னும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு யோசனை: கஜுவை உடைந்த கஜுவாகவே வாங்குங்கள். எப்படியும் வெட்டத்தானே போகிறோம், விலையும் குறைவு. முட்டையைக் கடைசியில் வாங்குங்கள். ஏ9 வீதி நல்ல வீதிதான், உள்வீதியின் பள்ளங்கள் மழைத்தண்ணீருக்குள் தெரியாது.

இந்தச் சாமான்கள் எல்லாம் போட்டு நத்தாருக்குச் சுடுகிற ரிச் கேக்குக்கு இந்த ஓவன் பொருத்தம், இது எனக்கே ஆச்சரியம். தட்டின் உள்ளே பழைய பேப்பர் சில மடிப்பு, அதற்கு மேல் ஒயில் பேப்பர். உண்மையான 150 பாகை, கீழ்க்கம்பி மேல்கம்பி இரண்டும், இரண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. மெதுவான சூடு என்பதால் சின்ன ஓவனின் குணக்கேடுகள் அவ்வளவாய் வெளியே வருவதில்லை. பட்டர் கேக்கில்தான் அவை தெரியும்.

அந்த இரண்டரை மணித்தியாலம் ஒரு தமிழ்ப்படத்தின் நீளம். கேக்கை வைத்துவிட்டுப் படம் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ரைமர் அறுபது நிமிடத்துக்கு மேலே போகாது, ஆகவே படத்துக்கு நடுவில் எழும்பித் திருகிவிடவேண்டும், யார் எழும்புவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. கதாநாயகி பனிமலையில் மெல்லிய சேலையோடு ஆடுகிற பாட்டு வந்தால் எழும்பலாம் என்பது சிநேகிதி போட்ட சட்டம். அம்மா மட்டும் படம் பார்க்கிறபோதெல்லாம் பழைய கதை எடுப்பார்: கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டது, பாண் சுட்டு முடிந்த பிறகு ஆறுகிற போறணைக்குள் வைத்துத் தரச்சொல்லி வெதுப்பகத்துக்குக் கேக் தட்டைக் கொண்டுபோனது. போறணைக் கேக்கின் விறகு மணம் இதில் வராது என்பார். உண்மை, வராது.

2022 இல் இந்த ஓவன் வெறும் தகரப்பெட்டி. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரைக்கும் போனது, காஸும் இல்லை. பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, தட்டை வைத்து, மூடிக்கு மேலும் அடுப்பிலும் தணல் போட்டு அம்மா சுட்ட கேக்தான் அந்த வருடப் பிறந்தநாள்களுக்கு. இப்போதும் மழையோடு மின்னல் என்றால் கரண்ட் போகும். பாதியில் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். ரிச் கேக் என்றால் உள்சூடு கொஞ்ச நேரம் காப்பாற்றும், பட்டர் கேக் என்றால் நடு இறங்கிவிடும்.

கரண்ட் பில் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மீற்றரைப் பார்த்தேன். கம்பிகள் விட்டுவிட்டுத்தான் எரிகின்றன, ஆகவே பட்டர் கேக் ஒன்றுக்கு ஒரு யூனிற்றுக்குக் கிட்ட, ரிச் கேக்குக்கு ஒன்றரைக்குக் கிட்ட. தனியே பார்த்தால் பெரிதில்லை. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுவதுதான் வில்லங்கம். 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய பிறகு எங்கள் வீட்டில் கேக் சுடுவது மாதக் கடைசியா முதலா என்பதும் பேசித் தீர்க்கிற விஷயமாகிவிட்டது.

இத்தனை வருடத்தில் பழுதானவை: உள் பல்ப் போனது, மாற்றினேன். ரைமர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டது, கைத்தொலைபேசியில் நேரம் வைக்கிறேன். கீழ்த்தட்டு துருப்பிடித்தது, மழைக்காலத்தில் கழுவி நன்றாகத் துடைக்காமல் வைத்தால் அப்படித்தான். கூடுதலாய்ப் பயப்படுத்தியது வேறொன்று. மாதக்கணக்கில் பாவிக்காமல் இருந்து முதல் மழையோடு போட்டால் மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் வீட்டில் விழுந்தது. கம்பிக்குள் இருக்கிற காப்புப்பொடி ஈரத்தை உறிஞ்சினால் கசிவு வரும் என்று மின்வேலைக்காரர் சோதித்துவிட்டுச் சொன்னார். காயவைத்து, சோதித்து, பிறகுதான் தந்தார். ட்ரிப் விழுந்தால் திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்க்கவேண்டாம், காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வெயில் காலத்திலும் இடைக்கிடை வெறும் ஓவனைக் கொஞ்ச நேரம் சூடாக்கி வைக்கிறேன், திரும்ப விழவில்லை.

விற்பனைக்குக் கேக் செய்ய நினைக்கிறவர்களுக்கு இது காணாது, ஒரு தடவைக்கு ஒரு தட்டுத்தான். வீட்டுக்கு என்றால் தாராளமாய் வாங்கலாம். கடையில் பார்க்கும்போது கதவு இறுக மூடுகிறதா என்று ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்து இழுத்துப் பாருங்கள். கீழ்க்கம்பியை மட்டும் தனியே எரிக்கமுடிகிறதா, கீழ்த்தட்டு கழன்று வருகிறதா, கம்பி போனால் இங்கேயே கிடைக்குமா, இல்லை யாழ்ப்பாணம் போகவேண்டுமா என்றும் கேளுங்கள். சிநேகிதி இப்போது விசிறியோடு 45 லீற்றர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாள், வருகிற நத்தாருக்கு முதல் வாங்குவாளாம். அது வந்தால் ரிச் கேக் அவள் வீட்டில், பட்டர் கேக் எங்கள் வீட்டில் என்று பிரித்திருக்கிறோம். படம் எந்த வீட்டில் என்பது இன்னும் முடிவாகவில்லை.