மறுப்பா, மானநஷ்ட வழக்கா?

சுன்னாகத்தில் நல்லெண்ணெய் விற்கும் அண்ணர் ஒருவர் பத்திரிகைத் துண்டொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். அவர் கடையில் கலப்படமாம். "எழுதுகிறவனுக்குப் பேச்சுரிமை இருக்கிறதே" என்று அலுத்துக்கொள்கிறார். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அதைத் தருகிறதுதான்; அவதூறென்றால் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. அண்ணருக்கு வழி இரண்டு: பத்திரிகைகள் மீதான முறைப்பாடுகளைப் பார்க்கும் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போய் மறுப்பு வெளியிடச் செய்வது, அல்லது நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குப் போடுவது.

செலவு: ஆணைக்குழுவில் கட்டணமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் தவணைதோறும் சட்டத்தரணிக்குக் காசு.

காலம்: மறுப்பு விரைவில் வரலாம். வழக்கு இழுபடும், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கவும் வேண்டும்.

பலன்: அங்கே திருத்தம், இங்கே நட்டஈடு. மறியலுக்கு அனுப்பும் ஆசை மட்டும் வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பெயர் மட்டும் கெட்டதென்றால் மறுப்புப் போதும். வியாபாரம் விழுந்தது கணக்குக் கொப்பியில் தெரிந்தால் வழக்கு. எண்ணெயில் உண்மையிலேயே கலப்படம் என்றால், அண்ணர் இரண்டு பக்கமும் போகாமல் இருப்பது நல்லது.