ஆண்களுக்கான கம்ப்ரெஷன் வெஸ்ட்: ஆபரேஷனுக்குப் பிறகு போட நல்லது, மார்பு குறையும் என்று வாங்க வேண்டாம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் வேலை பார்க்கிறேன். எந்தத் துணியைப் பார்த்தாலும் முதலில் தையலைத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். அதனால் மார்பை இறுக்கி அழுத்திப் பிடிக்கும் இந்த வெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது கைனகோமாஸ்டியா. ஆண்களுக்கும் முலைக்காம்புக்குப் பின்னால் சுரப்பித் திசு உண்டு. அது வளர்ந்து மார்பு புடைத்துக்கொள்வதுதான் இது. பள்ளிக்கூட நாளில் வந்தது, பிறகு போகவே இல்லை. போன வருடம் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் சின்னதாகக் கீறிச் சுரப்பியை எடுத்தார்கள், சுற்றியிருந்த கொழுப்பையும் உறிஞ்சி எடுத்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் இந்த வெஸ்ட் வாங்கினேன்.

நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணி. எந்தப் பக்கம் இழுத்தாலும் நீண்டு பழைய அளவுக்கே திரும்புகிறது. எத்தனையோ தடவை துவைத்தாயிற்று, தளரவில்லை. தையல் முழுக்க ஃபிளாட்லாக், அதாவது தட்டையாகப் படியும் தையல். அக்குளில்கூட மேடு தட்டவில்லை. முன்பக்கம் ஜிப், அதற்குள் ஒரு வரிசை ஹூக். கையை மேலே தூக்கவே முடியாத அந்த நாட்களில், தலைவழியாக மாட்டுகிற மாடல் வாங்கியிருந்தால் பெரும்பாடு. குறை என்றால் ஜிப்புக்கு அடியில் வரும் பட்டிதான். அகலம் பத்தவில்லை. உட்கார்ந்தால் ஜிப்பின் முனை வயிற்றில் குத்துகிறது. நான் உள்ளே ஒரு காட்டன் துண்டை வைத்துச் சமாளித்தேன்.

சட்டை சைஸை வைத்து ஆர்டர் போடாதீர்கள். காம்பு மட்டத்தில் நெஞ்சுச் சுற்றளவையும் இடுப்பையும் டேப்பில் அளந்து பாருங்கள். ரொம்ப இறுக்கமாக எடுத்தால் கீழ்ப்பக்கம் சுருண்டு, அந்த மடிப்பு உடம்பில் பதிந்துவிடும், மூச்சும் முட்டும். இரண்டு வாங்கினால்தான் ஒன்றைத் துவைத்துப் போட முடியும். நம் ஊர் வெயிலுக்கு வியர்க்கத்தான் செய்யும்.

சுரப்பியை எடுத்த இடத்தில் இரத்தமும் நீரும் சேராமல், வீக்கம் வடிந்து, தோல் படிந்து உட்கார இந்த அழுத்தம் உதவுகிறது. பொதுவாக 4 முதல் 6 வாரம் போடச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

இனி கோபமான விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் ‘தினமும் அணிந்தால் மார்பு குறையும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். துணி அழுத்தினால் சுரப்பி கரையாது. போட்டிருக்கும் வரை சட்டைக்குள் தட்டையாகத் தெரியும், கழற்றினால் பழையபடிதான். ஒரு கல்யாணத்துக்குப் போக நாலு மணி நேரம் போடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். ஆனால் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனுக்கு இதை வாங்கி மாட்டிவிடாதீர்கள். அந்த வயதில் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா என்று அவனிடம் கேளுங்கள், அது முக்கியம்.

பெரியவர்களுக்கு வந்தால் முதலில் காரணம் பார்க்க வேண்டும். இதய நோய்க்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், முடி கொட்டுவதற்கும் புராஸ்டேட்டுக்கும் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு, கல்லீரல் கோளாறு, தைராய்டு என்று பல காரணம் உண்டு. சிலருக்கு அது வெறும் கொழுப்புதான், சுரப்பியே இருக்காது. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் வலியில்லாத கெட்டிக் கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் நீரோ இரத்தமோ கசிவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோயில் ஆண்கள் 1 சதவீதத்துக்கும் குறைவுதான். இருந்தாலும் வருகிறது, வெட்கத்தால் தாமதமாகக் காட்டுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அப்படி ஒருவர் இந்த அட்டையை நம்பிக் கட்டியின் மேல் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் யார் பொறுப்பு?

தயாரிக்கிறவர்கள் அட்டையில் உள்ள அந்த வரியை எடுக்க வேண்டும், ஜிப் பட்டியை இன்னும் அரை இன்ச் அகலமாக வெட்ட வேண்டும். அதுவரை என்னிடமிருந்து மூன்று நட்சத்திரம்.