புதிய நிறுவனத்தின் கார்பன் சைக்கிள் ஃபிரேம்: மலைச்சாலையில் நெடுநாள் ஓட்டிய அனுபவம்

இந்த ஃபிரேமைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். சீனாவின் சியாமென் நகரில் தயாராகும் இதற்கு நிறுவனம் அறிவித்த எடை 780 கிராம். நான் வாங்கிய 54 அளவு ஃபிரேம், பெயின்ட், கியர் ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும் சிறு துண்டு), திருகுகள் எல்லாம் சேர்த்து என் தராசில் 840 கிராம் வந்தது. பெயின்ட் இல்லாத வெற்று ஃபிரேமின் எடையை விளம்பரத்தில் போடுவது பெரிய நிறுவனங்களிடமும் உள்ள வழக்கம். ஆகவே அதை நான் குறையாகக் கருதவில்லை.

என் பழைய அலுமினிய ஃபிரேமைவிட இது 400 கிராம் குறைவு. நான், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்றால், குறைந்திருப்பது அரை சதவீதம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற இரண்டரை மணி நேரம் பிடிக்கும் ஒருவருக்கு இதனால் மிச்சமாவது ஏறக்குறைய முக்கால் நிமிடம். அதற்காக மட்டும் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டாம் என்பேன்.

கொடுத்த பணத்துக்குப் பலன் தெரிவது இறக்கத்தில். கோத்தகிரியிலிருந்து திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் முன்பக்கம் துளியும் தடுமாறுவதில்லை. நினைத்த கோட்டில் சைக்கிள் நிற்கிறது. 32 மில்லிமீட்டர் டயர் வரை இடம் இருப்பதால் 30 மில்லிமீட்டர் டயரைக் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுகிறேன். நம் ஊர்ச் சாலைகளில் உடம்புக்குக் கிடைக்கும் சுகத்தில் பெரும்பங்கு அந்த டயருக்கே சேரும். அதைக் கார்பனின் மாயமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிஸ்க் பிரேக் என்பதால், நீண்ட இறக்கத்தில் கார்பன் ரிம் சூடேறிவிடுமோ என்ற பயமும் இல்லை.

கார்பன் இழையின் தர எண்ணை வைத்தும் பலர் மயங்குகிறார்கள். கார்பன் இழை தயாரிக்கும் ஜப்பானின் டோரே நிறுவனத்தின் டி800, டி1000 இரண்டுக்கும் விறைப்பு ஒன்றுதான்: 294 ஜிகா பாஸ்கல். டி1000-இல் கூடுவது இழுவலிமை. ஃபிரேம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, எந்த இழையை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்காக வைத்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது. சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின் ஒப்புதல் முத்திரையும் இப்படித்தான். அது வடிவமும் அளவும் பந்தய விதிகளுக்கு உட்பட்டவை என்பதற்கான சான்று. உறுதியைப் பற்றிக் கேட்க வேண்டியது சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210-இன் சோதனை அறிக்கையை. நான் கேட்டதும் நிறுவனம் அனுப்பிவைத்தது. புதிய நிறுவனத்தின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

குறை என்றால் இரண்டு. ஹேண்டில் திரும்பும் இடமான ஹெட்செட்டின் மேல் பேரிங் மழைக்காலம் முடிந்ததும் துருப்பிடித்துக் கரகரக்கத் தொடங்கியது. பிரேக் குழாய்கள் அந்த பேரிங்கின் நடுவழியே உள்ளே இறங்குவதால், சில நூறு ரூபாய் பேரிங்கை மாற்றக் குழாய்களைக் கழற்றி, மறுபடி எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். மெக்கானிக்கின் அரை நாள் அதிலேயே போய்விட்டது. குழாய்கள் இப்படி உள்ளே ஓடும் புது ரோடு சைக்கிள்கள் பலவற்றுக்கும் பொதுவான தொல்லை இது. நிறைய மழையில் ஓட்டுபவர்கள் குழாய் வெளியே ஓடும் ஃபிரேமைத் தேடுவது நல்லது.

இரண்டாவது குறைதான் என்னைக் கோபப்படுத்தியது. சீட் போஸ்ட்டை (இருக்கையைத் தாங்கும் தண்டு) இறுக்கும் ஆப்பு, வழுக்காமலிருக்க கார்பன் பசை தடவி, டார்க் ரெஞ்சால் அவர்கள் சொன்ன 5 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கிய பிறகும் ஏற்றத்தில் மெல்ல நழுவியது. நிறுவனம் வாதாடாமல் திருத்திய ஆப்பை இலவசமாக அனுப்பியது உண்மை. ஆனால் விரல் அளவுப் பொருள் சுங்கத்தைத் தாண்டி வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் சைக்கிள் சுவரில் தொங்கியது. நெடுங்காலமாக இங்கே கடை வைத்திருக்கும் நிறுவனங்களின் கூடுதல் விலையில் ஒரு பங்கு, இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்கானது.

பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் திருகு வகை என்பதால் இதுவரை ஒரு முனகல்கூட இல்லை. பெயின்ட் சங்கிலியருகே மட்டும் உரிந்திருக்கிறது. கியர் ஹேங்கர், பல நிறுவனங்களின் ஃபிரேம்களுக்கும் பொதுவான யுடிஹெச் வகை. பெரும்பாலான நல்ல கடைகளில் கிடைத்துவிடும். மேல் பேரிங் ஒன்றையும் சீட் போஸ்ட் ஆப்பு ஒன்றையும் மட்டும் ஃபிரேமோடு சேர்த்தே வரவழைத்துக்கொள்ளுங்கள்.