அமெரிக்க வரலாற்றில் தீசிஸ்: அரசியல் பக்கமா, சமூகப் பக்கமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றை மேஜராக எடுப்பவருக்கு முதல் இரண்டு வருஷம் இந்தக் கேள்வி வராது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் அல்லது அதன் பின்னான மறுசீரமைப்புக் காலம் முடிந்த 1877இல் இரண்டாக வெட்டிய பொதுப் பாடம், சில செமினார்கள் என்று ஓடிவிடும். மூன்றாம் வருஷக் கடைசியில் பேராசிரியர் தீசிஸ், அதாவது கடைசி வருஷ ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்கும்போதுதான் முழி பிதுங்கும். அரசியல் வரலாறா, சமூக வரலாறா?

என் ஓட்டு அரசியல் வரலாற்றுக்கு. சமூக வரலாறு மட்டம் என்பதால் அல்ல. இரண்டே செமஸ்டரில் தீசிஸை முடித்தாக வேண்டும் என்பதால்.

அதிபர், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), நீதிமன்றம், கட்சி, தேர்தல் ஒரு பக்கம். குடும்பம், கூலி, குடியேற்றம், இனம், நோய் இன்னொரு பக்கம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்டம் படிக்கப் போகிறவர்களும் கவலைப்பட வேண்டாம், எந்தப் பக்கத்தில் எழுதினாலும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது ஒரே விஷயம்: மூல ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து அது வாதமாக மாறும் வரை எத்தனை மணி நேரம் பிடிக்கும்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டர் சுமார் 15 வாரம். கூடவே மூன்று நான்கு பாடங்கள் இருப்பதால் தீசிஸுக்கு வாரம் 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். இரண்டாம் செமஸ்டரில் பெரும்பகுதி எழுதவும் திருத்தவும் போய்விடும். ஆக, மூல ஆவணத்தோடு உட்கார மிஞ்சுவது சுமார் 150 மணி நேரம்.

சமூக வரலாற்றின் அடிப்படை ஆவணமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இந்த 150க்குள் அடக்கிப் பாருங்கள். 1920 கணக்கெடுப்புத் தாளில் ஒரு பக்கத்துக்கு 50 வரி, வரிக்கு ஒரு ஆள். 3,000 பேர் வாழ்ந்த சின்ன ஊர் என்றால் 60 பக்கம். எல்லாம் கையெழுத்து. பழக்கமில்லாதவருக்குப் பக்கத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவே 60 மணி. அதற்கப்புறம் தொழில்களை வகைப்படுத்த வேண்டும். 'லேபரர்' என்று எழுதியிருப்பவர் ரயில் பாதையில் வேலை செய்தாரா, தோட்டத்திலா என்று பக்கத்துக் கட்டத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதே ஆட்கள் பத்து வருஷம் கழித்து என்ன ஆனார்கள் என்று 1930இல் தேடும்போதுதான் உண்மையான சிக்கல். கல்யாணமான பெண்ணின் குடும்பப் பெயர் மாறியிருக்கும். போலந்துக்காரரின் பெயரை ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். கடைசியில் அகப்படுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு வைத்துக்கொண்டு அதே ஊரில் தங்கிய ஆண்கள். கூலி தேடி ஊர் ஊராகப் போனவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள். அதைக் கவனிக்காமல், 'குடியேறிகள் பத்தே வருஷத்தில் முன்னேறிவிட்டார்கள்' என்று முடிவு எழுதுபவர்கள் ஏராளம். முன்னேறியவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் முன்னேறியதாகத்தான் தெரியும்.

1890ஐத் தொடப் போகிறவர்களுக்கு இன்னொரு அடி. 1921இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் அந்த வருஷக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. 1880லிருந்து நேராக 1900க்குத் தாவ வேண்டும். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரத் தொடங்கிய இடைவெளி அது. இந்தப் பக்க எல்லை 1950. தனிநபர் விவரங்களை 72 வருஷம் பூட்டி வைப்பதால் அந்த வருஷத் தாள்கள் 2022இல்தான் வெளிவந்தன.

நம்மவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கிளைக் குறிப்பு. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது ஒரு இனத்தின் பெயர். கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்த பஞ்சாபிச் சீக்கியரும் 'இந்து', முஸ்லிமும் 'இந்து'. வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் பார்வைக்கு எது பட்டதோ அதுதான் இனக் கட்டத்தில் ஏறும் என்பதால் அந்தக் கட்டத்தை நம்பித் தேடினால் ஆட்கள் தவறிப்போவார்கள். பிறந்த நாட்டுக் கட்டத்தில் தேடுங்கள்.

இதற்கெல்லாம் மாற்று இல்லாமல் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்தில் வகைப்படுத்தி முடித்த கணக்கெடுப்புத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆர், ஸ்டாட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள் கைவந்தவருக்கு மேலே போட்ட மணிக்கணக்கு பாதியாகக்கூடக் குறையலாம். ஆனால் மென்பொருளையே அந்த செமஸ்டரில்தான் புதிதாகக் கற்கப் போகிறீர்கள் என்றால் மிச்சப்பட்ட நேரம் அங்கே போய்விடும்.

அரசியல் வரலாற்றின் மூலங்களோ அச்சில், அட்டவணையோடு, தேதி போட்டு வருகின்றன. நாடாளுமன்ற விவாதங்களுக்கு 1873 முதல் காங்கிரஷனல் ரெக்கார்ட், அதற்கு முன் காங்கிரஷனல் குளோப். வாஷிங்டன், ஜெபர்சன், ஹாமில்டன் கடிதங்களுக்கு ஃபவுண்டர்ஸ் ஆன்லைன். எந்த உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்பதற்கு வோட்வியூ. எல்லாமே இலவசம். முதல் வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஏமாறும் இடங்கள் இங்கேயும் உண்டு. ரெக்கார்டில் இருப்பதெல்லாம் அவையில் பேசப்பட்டதல்ல. உறுப்பினர்கள் பேச்சைப் பின்னால் திருத்தலாம், பேசாத பேச்சைச் சேர்க்கவும் செய்யலாம். அப்படிச் சேர்த்ததற்கு அடையாளப் புள்ளி போடும் வழக்கமே 1978இல்தான் வந்தது. அதனால் 'அவை அதிர்ந்தது' என்று எழுதும் முன் மறுநாள் செய்தித்தாளோடு ஒத்துப் பாருங்கள். காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளம் அதற்குத்தான். 1800ஐ ஒட்டிய பழைய இதழ்களில் 'எஃப்' போலவே தோன்றும் நீள 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடும். 'காங்கிரஸ்' என்று தேடி ஒன்றும் வராவிட்டால், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசி இரண்டு 'எஸ்'களில் முதலாவதற்குப் பதில் 'எஃப்' போட்டுத் தேடினால் வரலாம்.

இதைவிடப் பெரிய குறை நெரிசல். லிங்கனைப் பற்றியும் ரூஸ்வெல்டைப் பற்றியும் இருபது வயதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இங்கேதான் சமூக வரலாற்றிடமிருந்து கேள்வியைக் கடன் வாங்க வேண்டும். கேள்வி சமூகத்துடையது, மூலம் அரசியலுடையது. அந்தக் கலவைக்கு விசாரணைக் குழு சாட்சியங்களைப் போல வாகான ஆவணம் வேறில்லை.

கறுப்பினத்தவரைத் தாக்கிய வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் வன்முறையை விசாரித்த காங்கிரஸ் கூட்டுக் குழுவின் அறிக்கை 1872இல் 13 தொகுதிகளாக அச்சானது. முதல் தொகுதி அறிக்கை, மற்றதெல்லாம் சாட்சியம். தெற்கு கரோலினாவுக்கு மட்டும் 3, 4, 5 என மூன்று தொகுதிகள். சில வருஷம் முன்புவரை அடிமையாக இருந்தவர்கள் தேதி, ஊர், அடித்தவன் பெயர் எல்லாம் சொல்லிப் பேசியது கேள்வி பதிலாக அப்படியே இருக்கிறது. யார்க் மாவட்டத்து பாப்டிஸ்ட் போதகர் எலையஸ் ஹில் சிறுவயது நோயில் கை கால் முடங்கியவர். 1871 மே மாதம் கிளான் ஆட்கள் அவரை வீட்டிலிருந்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டு அடித்தார்கள். அடிக்கும்போது அவர்கள் கேட்டது குடியரசுக் கட்சி சார்பு அமைப்பான யூனியன் லீக் பற்றி, அரசியல் பிரசங்கம் செய்தாரா என்பது பற்றி, காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதம் பற்றி. அந்த வருஷமே அவர் தன் ஆட்களோடு லைபீரியாவுக்குக் கப்பலேறினார். ஒரு கிராமத்தின் பயமும் கட்சி அரசியலும் ஒரே சாட்சியத்தில் இருக்கின்றன, அதுவும் தெளிவான அச்சில்.

ஒரு தொகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிக்கும் முன்பே ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து சாட்சியின் பெயர், வயது, இனம், தொழில், மாவட்டம், தேதி, யார் அழைத்த சாட்சி, எந்த உறுப்பினர் கேட்டார் என்று எட்டுக் கட்டம் போடுங்கள். ஏழாவதும் எட்டாவதும் முக்கியம். குழுவில் குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மை, ஜனநாயகக் கட்சியினர் சிறுபான்மை. இரு தரப்பும் தத்தம் சாட்சிகளைக் கொண்டுவந்தன, பதில் கேள்வியின் பக்கம் சாயும். சிறுபான்மை அறிக்கையைப் படிக்காமல் எழுதிய தீசிஸைத் தேர்வுக் குழு முதல் கேள்வியிலேயே பிடித்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டு பிடித்தவருக்கு 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் ஏன் அதிலிருந்து விடுபட்டார்கள்? தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் கறுப்பினத்தவரை விலக்கினார்கள் என்பது ஒரு பதில். அவர்களிடம் வரி வசூலிக்க நிர்வாக வசதியில்லை என்று நிதியமைச்சர் மார்கென்தாவ் குழுமுன் சொன்னது இன்னொரு பதில். யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று வரிசைப்படுத்தினாலே ஒரு அத்தியாயம் தேறும்.

எதிர்ப்பக்கத்தில் இதேபோல் கவர்ந்திழுப்பவை 1930களின் அரசு அமைப்பான வீட்டுக் கடன் கழகத்தின் வண்ண வரைபடங்கள். நகரங்களைப் பச்சை (உயர்ந்த தரம்), நீலம், மஞ்சள், சிவப்பு (கடைசித் தரம்) என்று பிரித்தவை, இணையத்தில் அழகாகக் கிடைக்கின்றன. சிவப்பு அடித்ததால்தான் கடன் கிடைக்கவில்லை என்று ஒரே தாவலில் எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கழகம் கொடுத்த கடன்களில் பெரும்பகுதி வரைபடம் தயாராவதற்கு முன்பே கொடுக்கப்பட்டது. காரணத்தை நிறுவப் பத்திரப் பதிவு அலுவலகம், கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்று இன்னும் பல படி ஏற வேண்டும், 150 மணி போதாது.

சமூக வரலாற்றையே எடுக்கலாம் என்று சொல்லக்கூடிய சூழலும் உண்டு. கல்லூரி இருக்கும் ஊரிலேயே ஒரு தொழிற்சங்கத்தின் பெட்டிகளோ தேவாலயப் பதிவேடுகளோ யாரும் தொடாமல் இருந்து, கோடை விடுமுறை முழுக்க உங்களுக்குக் காலியாகவும் இருந்தால் என் கணக்கு செல்லாது. முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கும் செல்லுமா என்பது சந்தேகம்தான். ஐந்தாறு வருஷம் கையில் இருக்கும்போது மணிக்கணக்கு ஒரு தடையே இல்லை.

அரசியல் பக்கம் வருவதென்றால் காலத்தை ஒரு முறை சரிபாருங்கள். அச்சாகாத குழு ஆவணங்களில் செனட்டினுடையவை பொதுவாக 20 வருஷத்தில் திறக்கும், பிரதிநிதிகள் அவையினுடையவை 30 வருஷத்தில். தனிநபர் விவரம் உள்ள விசாரணைக் கோப்புகள் இரண்டு அவையிலும் 50 வருஷம் மூடியிருக்கும். தலைப்பை உறுதி செய்யும் முன்பே எத்தனையாவது காங்கிரஸ் (இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று எண் போடுவார்கள்), எந்தக் குழு, எந்த மசோதா எண் என்று மூன்றையும் குறிப்பிட்டு வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் சட்டமன்றப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். 'சிவில் உரிமை பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் அவர்களாலும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். அந்த மூன்றும் இருந்தால் எந்தப் பெட்டியைப் பார்ப்பது என்று சொல்ல முடியும்.